வீட்டுக்குப் போன பிரம்பு

"கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சுடுங்க டீச்சர்" என்று சொல்லும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். திருப்பூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஜூன் மாதச் சேர்க்கையின்போது, ஆதார் நகலோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு சான்றிதழ் போல இந்த அனுமதியையும் தந்துவிட்டுப் போவார்கள். அது செல்லாது. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி, பிள்ளைகளை அடிப்பதற்குத் தடை போட்டுவிட்டார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், மனத்தை நோகடிக்கும் தண்டனையும் கூடாது என்கிறது.

சரி, வகுப்பிலிருந்து பிரம்பு போய்விட்டது. எங்கே போனது? பல சமயம் நாங்களேதான் அதை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். மாலையில் பள்ளி வாசலில் பாட்டியை நிறுத்தி, சுற்றி நாலு பேர் கேட்க, "உங்க பேரன் இன்னிக்கும் பசங்களைக் கிள்ளி வெச்சுட்டான்" என்று சொன்னால் வேறென்ன நடக்கும்? பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வரும் அம்மாவிடம் பாட்டி அதைச் சொல்வார். நின்று நின்று கால் வீங்கிய களைப்பில் அம்மாவின் கை நீளும். ஆறு வயதுப் பையனுக்குக் காலையில் கிள்ளியது போன ஜென்மத்து விஷயம். அம்மா அடிக்கிறாள் என்பது மட்டும்தான் அவனுக்குப் புரியும். மறுநாள் வகுப்பில் இன்னும் பலமாகக் கிள்ளுவான்.

புகார் சொல்வதற்கு முன் நான் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். எத்தனை மணிக்கு நடந்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவ்வளவுதான். இதில் மனோதத்துவம் எதுவும் இல்லை. கொஞ்ச நாளில் ஏதாவது ஒன்று தானாகத் தெரியவரும். பதினோரு மணிக்கு வகுப்பே கலைந்துபோகும் காலம் ஒன்று இருந்தது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு எங்கள் வகுப்பில் அந்தப் பதினோரு மணிக் கலாட்டா பெரிதும் அடங்கிவிட்டது. கூப்பிட்டால் திரும்பாமல் திமிர் பண்ணுகிறான் என்று எல்லோரும் சொன்ன பையனுக்குக் காதில் சீழ். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி எல்லோரையும் தள்ளுவாள், சில சமயம் கடிப்பாள். நோட்டைப் பார்த்தால், பெரும்பாலும் தண்ணீர்க் குழாயருகே, அல்லது இடைவேளைக்குச் சற்று முன். 'வழி விடு', 'ஒண்ணுக்குப் போகணும்' என்று தமிழில் கேட்கத் தெரியாதவள் வேறென்ன செய்வாள்? அதே ஊர்க்காரனான நாலாம் வகுப்புப் பையன் ஒருவனைத் துணைக்கு வைத்தோம். அவசரத்துக்குக் காட்ட இரண்டு மூன்று சைகைகள் சொல்லிக் கொடுத்தோம். கடிப்பது முதலில் நின்றது. தள்ளுவது நிற்க அரையாண்டுத் தேர்வு வரை ஆனது.

இதற்காக அடிக்கிற பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். முதலில் அடிபட்ட பிள்ளையைக் கவனிக்க வேண்டும். அப்புறம் இவனிடம் ஒரே வாக்கியம் போதும்: "அடிக்கக் கூடாது." அரை மணி நேர உபதேசம் அந்த வயதுக்கு ஏறாது. கட்டாயப்படுத்தி 'ஸாரி' சொல்ல வைப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. குறும்புக்காரனையே லீடராக்கும் பழைய உத்தியும் பிடிக்காது. பதவி எப்படிக் கிடைக்கிறது என்று மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதனால் சில தனியார் பள்ளிகள் நீக்குவதில்லை. வாரம் தவறாமல் பெற்றோரை வரவழைத்து, அவர்களே டிசி கேட்டு வாங்கும்படி செய்துவிடுகிறார்கள். பாதி வருடத்தில் எங்களிடம் வரும் அந்தப் பிள்ளைகளோடு, "இவனுக்கு ஏடிஹெச்டி இருக்குமோ டீச்சர்?" என்ற கேள்வியும் வரும். கவனம் ஓரிடத்தில் நிலைக்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு அது. கேள்வி வருவது யூடியூப் புண்ணியம். மருத்துவர்கள் அப்படி அவசரப்படுவதில்லை. ஆறு மாதமாவது நீடிக்கிறதா, வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். பள்ளியில் மட்டும் ஆடுகிறவன் என்றால் நான் முதலில் வகுப்பைத்தான் சந்தேகப்படுவேன்.

பள்ளியில் மட்டுமா என்று தெரிய வீட்டோடு பேசியாக வேண்டும். புகாருக்கு மட்டுமே போன் செய்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். நல்லது சொல்லவும் கூப்பிடுகிறேன். "ஏனுங்க டீச்சர், என்ன பண்ணிப் போட்டான்?" என்றுதான் அப்போதும் எடுப்பார்கள். "ஒண்ணும் பண்ணலைங்க, இன்னிக்கு முழுப் பாட்டும் சொன்னான்" என்ற பிறகு பேச்சு வேறு மாதிரி போகும். ராத்திரி அவன் தூங்கப் பன்னிரண்டாகிறது, கையில் செல்போன் இருக்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் வெளியே வரும்.

பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு. வந்தால் அரை நாள் கூலி போகும். வராதவர்களைப் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர்கள் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். அதனால் நான் இரவு ஒன்பது மணிக்கு மேல் பேசுகிறேன். எங்கள் தலைமையாசிரியைக்கு இதில் உடன்பாடில்லை. "நமக்கும் வீடு, பிள்ளைங்க இருக்குதும்மா, கூட்டத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தச் சொல்லி மேல எழுதலாம்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். எழுதியிருக்கிறோம்.