திறப்பு யாரிடம் இருக்கும்?

அப்பாவின் துவக்குக்கு, அவருடைய வேட்டைத் துப்பாக்கிக்கு, கிடைத்த பற்றுச்சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 1984இல், துவக்கு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. அப்பா அதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. துவக்கு பிறகு வரவேயில்லை. காகிதம் மட்டும் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரே பொலித்தீன் பைக்குள் கிடந்து, 2009 வரை நாங்கள் இடம்பெயர்ந்த இடமெல்லாம் எங்களோடு வந்தது.

கடந்த டிசம்பரில் அந்தப் பையை மறுபடியும் திறந்தேன். கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகன் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். "மாமா, நீங்கள் ஒரு துவக்கு எடுங்கள். காசு நான் அனுப்புகிறேன்."

அவன் பயந்ததில் பிழையில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாங்கள் நான்கு இரவுகள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். தொலைபேசியும் இல்லை. எங்கள் வீடு முல்லைத்தீவில், முத்தையன்கட்டுக் குளத்துக்கும் காட்டுக்கும் இடையில் இருக்கிறது. வீதியில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. இரண்டாம் இரவு பக்கத்து வளவில் இருந்த தண்ணீர் பம்பியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் இரவு யானை வந்தது.

அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மழைச் சத்தத்தில் யானை வரும் சத்தம் கேட்காது. நாய் குரைத்து, பிறகு குரைப்பை நிறுத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. அப்போதுதான் விளங்கியது. குசினிப் பக்கம் ஒரு கல் விழுந்தது. அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பார்த்தேன். யன்னல் சட்டம் உள்ளே சாய்ந்திருந்தது. அந்த இடைவெளியால் தும்பிக்கை வந்து, சிறுபோகத்து நெல் மூட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தது. நனைந்த தோல், சேறு, அதன் நுனியில் ஒரு விரல் போன்ற சதை. அது சாக்கின் வாய்க்கட்டைத் தேடிப் பிடித்து இழுத்தது. நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் இடையில் எட்டு அடிகூட இருக்காது. கையில் இருந்த ஒரே யானை வெடியின் திரி நனைந்து ஊறியிருந்தது. மூன்று தீக்குச்சி அடித்தேன், பற்றவில்லை. என் மனைவி பின்னாலிருந்து தகரப் பேணியைக் கம்பியால் அடிக்கத் தொடங்கினாள். அதைக் கேட்டு அடுத்த வீட்டிலும் அடித்தார்கள், அதற்கடுத்த வீட்டிலும் அடித்தார்கள். ஒரு மூட்டையை இழுத்து உடைத்து, அரைவாசியைத் தின்றுவிட்டுத்தான் அது போனது.

மருமகனுக்கு இதைச் சொன்னதும்தான் துவக்குப் பேச்சு வந்தது. அவன் அங்கே வேட்டைத் துவக்கு ஒன்று அனுமதியோடு வைத்திருக்கிறான். எதை வாங்குவது என்று இரண்டு மணிநேரம் பேசினோம். அந்தப் பேச்சும், அதற்குப் பிறகு நான் விசாரித்ததும் யோசித்ததும் எங்கள் பக்கத்தில் இதே எண்ணத்தோடு இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். கடந்த இரண்டு மாதங்களில் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள்.

முதலில் சட்டம். இங்கே துவக்கு விடயத்தை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துவக்குக்கு மாவட்டச் செயலகம்தான் அனுமதிப்பத்திரம் தருகிறது. தற்பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான், டிசம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கிக் கனவை என்னிடம் வந்த இளைஞர்களிடம் நான் வளர்க்கவில்லை. 2024 நவம்பரில், தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுக்கப்பட்ட துப்பாக்கிகளையே மீள ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. அதைவிட, கைத்துப்பாக்கியைப் பழகாமல் பிடிப்பவன் பத்தடியில் நிற்கும் ஆளுக்கே குறி தவறுவான். பழகுவதற்கு எங்கள் பக்கத்தில் இடமும் இல்லை.

ரைபிள் வேண்டவே வேண்டாம். மிகச் சிறியதான .22 சன்னமே ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. எங்கள் ஊரில் ஒன்றரை மைலுக்குள் பள்ளிக்கூடம், கோயில், முப்பது வீடு, காவல் கொட்டில்களில் படுத்திருக்கும் ஆட்கள் எல்லாம் அடங்கிவிடும்.

இன்னும் இரண்டு துவக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி வாய்திறந்து பேச யாரும் விரும்புவதில்லை, ஆனால் அவைதான் எங்கள் பக்கத்தில் ஆட்களைக் கொல்கின்றன. ஒன்று கட்டுத்துவக்கு. இரும்புக் குழாயில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் கெட்டித்து, பன்றி போகும் தடத்தில் நூல் கட்டி வைப்பது. நூலில் தடக்குவது பன்றியா, மாடா, விறகுக்குப் போன பெண்ணா என்று அதற்குத் தெரியாது. என் பெரியம்மாவின் மகன் தேன் எடுக்கப் போன இடத்தில் அப்படித்தான் முழங்காலுக்குக் கீழே இழந்தான். சண்டை முழுவதும் காலோடு தப்பி வந்தவன். வளவைச் சுற்றி அதைக் கட்டினால் கள்ளன் வரமாட்டான் என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மற்றது மண்ணுக்குள் இருந்து வருவது. மலசலகூடக் குழி வெட்டும்போது, கிணறு இறைக்கும்போது, பொலித்தீனில் சுற்றியது ஒன்று தட்டுப்படும். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துக்கொள்வோம், ஆபத்துக்கு உதவும் என்று நினைப்பு வரும். தொடாதீர்கள். குழியை விட்டு வெளியே வந்து, மற்றவர்களையும் விலக்கி, பொலிஸின் 119க்கு அழையுங்கள். பக்கத்தில் வேறென்ன புதைந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதோடு, தானியங்கித் துப்பாக்கி வீட்டில் இருந்து பிடிபட்டால் ஆயுட்காலச் சிறை வரை போகலாம். பாதுகாக்க நினைத்த அதே குடும்பம் பிறகு சிறைச்சாலை வாசலில் வரிசையில் நிற்கும்.

ஆகவே மிஞ்சுவது அப்பா வைத்திருந்தது போன்ற பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று சரியாக உள்ளே போகும் அளவு குழல். அந்தப் பெயருக்கு அதுதான் காரணம் என்று அப்பா சொல்லித்தந்தார். ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ, மடித்துத் திறக்கும் துவக்காக இருப்பது நல்லது. திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று இருட்டில் விரலாலேயே தடவிப் பார்த்துவிடலாம். வேறு எந்த வகையிலும் அந்த நிச்சயம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

அப்பா வயலிலிருந்து வரும்போது படலையடியில் நிற்பார். துவக்கை முழங்கையில் மடித்துத் தொங்கவிட்டு, இரண்டு தோட்டாக்களையும் எடுத்துச் சட்டைப்பையில் போடுவார். குழலுக்குள் வானத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் படலையைத் திறப்பார். மழை கொட்டினாலும் அந்த ஒழுங்கு மாறாது. தோட்டா போட்ட துவக்கு எங்கள் வீட்டு வாசற்படியை ஒருநாளும் தாண்டியதில்லை.

வேட்டைத் துவக்குக்குக் குறி தேவையில்லை, சுட்டால் அறை முழுவதும் விரியும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சன்னங்கள் ஒரு யார் தூரத்துக்கு, அதாவது மூன்றடிக்கு, ஏறக்குறைய ஓர் அங்குலம்தான் விரியும். பத்தடி அகலமான வீட்டு அறையில் அது மூன்று அங்குலம், ஒரு கைமுட்டியின் அளவு. குறி தவறினால் முழுவதும் தவறும், பட்டால் முழுவதும் படும். தவறியது எங்கே போகும்? வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கல் சுவர் இருக்கிறது. ஆனால் குசினி தகரம், பின் கொட்டில் கிடுகு, கதவு மெல்லிய பலகை. எஸ்ஜி தோட்டாவின் பருத்த குண்டுகள் தகரத்தைக் காகிதம்போலத் துளைத்துக்கொண்டு போகும். தகரத்துக்கு அப்பால் என் மகளும் பேரனும் படுக்கிறார்கள். சிறிய சன்னத் தோட்டா இதைவிடக் குறைவாகத் துளைக்கும் என்பது உண்மைதான், ஆனால் பத்தடியில் அதற்கும் தகரம் ஒரு தடையே இல்லை.

யானைக்கோ அது எதற்கும் உதவாது. சன்னம் யானையை உடனே கொல்லாது, கோபப்படுத்தும். காயம் சீழ் வைத்து, மாதக்கணக்கில் நொண்டி, கண்ட ஆளையெல்லாம் துரத்தி, பிறகு ஏதோ ஒரு குளக்கரையில் விழும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின்படி அது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், குளக்கரையில் அப்படிக் கிடந்த ஒன்றை மூன்று நாள் பார்த்தவன் நான். அது கண்ணை மூடவேயில்லை.

கள்ளனுக்கு? தண்டனைச் சட்டக்கோவை, 1883ஆம் ஆண்டினது, தற்காப்புரிமையைத் தருகிறது. இரவில் வீடுடைத்து உள்ளே வருபவனிடமிருந்து காத்துக்கொள்ள உயிரைப் பறிக்கும் அளவுக்கும் அந்த உரிமை நீளலாம். ஆனால் தேவைக்கு மேலான தீங்கு செய்ய அது இடம் தராது. பம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுடுவதை எந்த நீதிமன்றம் தற்காப்பு என்று ஏற்கும்? அந்தப் பம்பியைக் கழற்றியவன் யார் என்று பிறகு எங்களுக்குத் தெரியவந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வெள்ளத்தில் வீடு போனவன். அன்றிரவு என் கையில் துவக்கு இருந்திருந்தால் என்ற நினைப்பு பல இரவுகள் என்னை எழுப்பியிருக்கிறது.

இவ்வளவையும் யோசித்த பிறகும் நான் விண்ணப்பத்தைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பன்றி ஒரே இரவில் அரை ஏக்கர் கச்சானைக் கிளறிவிடும். பயிருக்கு ஒரு துவக்கு நியாயமான தேவைதான். மருமகன் ஒரு நிபந்தனை போட்டான். கனடாவில் துவக்கைத் தோட்டா இல்லாமல், பூட்டுப் போட்டுத்தான் வைக்க வேண்டும், இங்கேயும் அப்படியே வைக்க வேண்டும் என்றான். அதற்காகப் புதுக்குடியிருப்பில் ஓர் ஒட்டு வேலைக்காரரிடம் நான்கடி நீள இரும்புப் பெட்டி செய்வித்தேன். சுவரில் பதித்து நான்கு போல்ட் போட்டு இறுக்கினோம். உள்ளே தோட்டாவுக்குத் தனிப் பூட்டோடு ஒரு சின்ன அறை.

பெட்டி வந்த அன்று மாலை மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய வலது தோளில் 2009இன் சன்னம் ஒன்று இன்னும் இருக்கிறது. எடுத்தால் கை விளங்காமல் போகலாம் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் உதைப்பை அந்தத் தோள் தாங்காது. மகள் பட்டாசுச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நிலத்தில் குந்திவிடுவாள். எனக்குக் கண்ணில் புரை வெட்டி ஒரு வருடம், இரவில் வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறது. என் தம்பி எங்களோடுதான் இருக்கிறான். அவனுடைய மனநிலை சில மாதங்களில் எப்படி இருக்கும் என்பது வன்னியில் பல குடும்பங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

மனைவி ஒன்றைத்தான் கேட்டாள். "திறப்பு யாரிடம் இருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் வயலில் இருக்கும்போது ஆபத்து வந்தால் திறப்பு வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் தம்பியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். என் இடுப்பிலேயே இருந்தால் நான் இல்லாத நேரத்தில் பெட்டி வெறும் இரும்பு. எல்லா வழியையும் யோசித்தோம், அம்மன் கோயில் ஐயரிடம் கொடுப்பது வரைக்கும் யோசித்தோம்.

அதனால்தான் என்னிடம் வருபவர்களிடம் எந்தத் துவக்கு என்று நான் முதலில் பேசுவதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு நித்திரை வருவதில்லை, யார் குடிக்கிறார்கள், வீட்டின் எந்தப் பக்கம் தகரம், பூட்டு எங்கே, திறப்பு எங்கே என்று கேட்கிறேன். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து வந்து மகனைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

தைப்பொங்கலுக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பதினொரு வீட்டுக்காரரும் கூடினோம். ஆளுக்கொரு விசில், வீட்டுக்கொரு சார்ஜ் டோர்ச். ஒரு நீள ஊதல் என்றால் யானை, விட்டுவிட்டு ஊதினால் ஆள். ஊதல் கேட்டால் எல்லா வீட்டிலும் வெளிச்சம் வர வேண்டும், ஆனால் யாரும் தனியே வெளியே இறங்கக் கூடாது. நெல் மூட்டைகளை யன்னலோரத்திலிருந்து நடு அறைக்கு மாற்றினோம். 119உம், அனர்த்தத்துக்கு 117உம், அம்புலன்ஸுக்கு 1990உம் எல்லா வீட்டுக் கதவிலும் பெயின்டால் எழுதியிருக்கிறது. வனஜீவராசிகள் திணைக்களத்து யானை வெடிகளைப் பங்கிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் யார் கொளுத்துவது என்று பெயர் குறித்தோம். பழகாத கையில் அதுவும் விரலைக் கொண்டுபோய்விடும்.

விண்ணப்பப் படிவம் பற்றுச்சீட்டோடு அதே பொலித்தீன் பைக்குள் இருக்கிறது. கிராம அலுவலரின் கையொப்பம் இன்னும் வாங்கவில்லை. இரும்புப் பெட்டிக்குள் இப்போது இரண்டு டோர்ச், மூன்று விசில், உறுதிகள், மனைவியின் மருந்து, ஒரு பால்மா பேணி நிறைய உமி. உமிக்குள் ஆறு யானை வெடி புதைந்திருக்கிறது. நேற்று மழை இருண்டதும் திறந்து ஒவ்வொன்றின் திரியையும் விரலால் தடவிப் பார்த்தேன். ஆறும் காய்ந்துதான் இருந்தன.