ஓசூர் பட்டறை நாட்குறிப்பு: பவுடரும் எர்த்தும்

ஜனவரி 20, திங்கள்

எங்கள் வேலை பவுடர் கோட்டிங். பெயிண்ட் பவுடருக்குக் கன்னால் மின்னூட்டம் ஏற்றி, பூத் என்ற தெளிப்பு அறையில் கொக்கியில் தொங்கும் இரும்பின் மேல் அடித்து, ஓவனில் வேகவைப்போம். காலையில் மாட்டிய ஜன்னல் கிரில்களில் பவுடர் ஒட்டவே இல்லை. கன்னில் 80 கிலோவோல்ட் காட்டுகிறது, பவுடரும் புகையாக வருகிறது, ஆனால் கம்பியைத் தாண்டி பூத்தின் பின்சுவருக்குப் போய்விடுகிறது. “வோல்டேஜை ஏத்தட்டுமா அண்ணா?” என்றான் பாலக்கோட்டுத் தம்பி. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொக்கியைக் கழற்றினேன். பழைய பவுடர் ஓவனில் வெந்து வெந்து, கறுப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு என்று அடுக்கடுக்காக ஏறியிருந்தது. கிரில் தொங்கும் வளைவில் இரும்பே கண்ணில் படவில்லை.

அரத்தால் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் மாட்டினோம். அதே கன், அதே 80. பவுடர் கம்பியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரை போய் உட்கார்ந்தது.

எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் கன் என்ன கம்பெனி, என்ன விலை என்றுதான் பேச்சு. கொக்கியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

மின்தடையை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தோம். தொங்கும் சாமானிலிருந்து எர்த் வரை தடை 1 மெகாஓமுக்குள் இருக்க வேண்டும். பழைய கொக்கிகளில் பாதிக்கு மேல் தேறவில்லை. எரித்துச் சுத்தம் செய்ய ஒதுக்கியாயிற்று.

ஜனவரி 26, ஞாயிறு

கிருஷ்ணகிரியிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத்தேர்வு. இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல். கூலூம் விதியை மூச்சு விடாமல் ஒப்பித்தான். விசை மின்னூட்டங்களின் பெருக்கலுக்கு ஏற்பக் கூடும், தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 1785இல் பிரான்சில் கூலூம் மெல்லிய இழையில் தண்டைத் தொங்கவிட்டு, அது முறுகும் அளவை வைத்து இதைக் கண்டார் என்பது வரை சொன்னான்.

“சரிடா, இரும்புக்கு நாங்க சார்ஜ் ஏதும் குடுக்கறதில்லை. அப்புறம் எப்படி பவுடரை இழுக்குது?”

“எதிரெதிரா இருந்தாதானே மாமா இழுக்கும்?” என்று யோசனையில் இறங்கிவிட்டான்.

கன் முனையைச் சுற்றியுள்ள காற்றில் அயனிகள் உண்டாகி, பவுடர் துகள் மேல் ஏறிக்கொள்கின்றன. துகள் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. அது இரும்பை நெருங்கும்போது, இரும்புக்குள் சுதந்திரமாக அலையும் எலக்ட்ரான்கள் விலக்கப்பட்டு, கொக்கி வழியாக எர்த்துக்குப் போய்விடுகின்றன. துகளுக்கு எதிரே இருக்கும் இரும்புப் பரப்பு நேர் மின்னூட்டத்தோடு நிற்கிறது. அப்புறம் இழுக்காமல் என்ன செய்யும்? கொக்கி அடைத்திருந்தால் எலக்ட்ரான் போக வழி இல்லை. வந்து சேரும் துகள்களின் மின்னூட்டமும் இரும்பிலேயே தேங்கும். பின்னால் வரும் துகளை அந்த இரும்பே தள்ளிவிடும். திங்கட்கிழமை நடந்தது இதுதான்.

“அப்போ சீப்பு காகிதத்தை இழுக்கறதும் இதேவா மாமா?” கிட்டத்தட்ட இதேதான். காகிதத்துக்கு எர்த் இல்லை, எலக்ட்ரான் ஓடவும் முடியாது. மூலக்கூறுக்குள்ளேயே மின்னூட்டங்கள் துளி நகர்கின்றன. சீப்புக்குப் பிடித்த பக்கம் கிட்டே, பிடிக்காத பக்கம் சற்றுத் தள்ளி. தூரம் இரட்டித்தால் விசை கால்பங்கு என்பதால், கிட்டே இருப்பதன் இழுவைதான் ஜெயிக்கிறது. இப்போது காற்று காய்ந்து கிடப்பதால் சீப்பைத் தலையில் தேய்த்ததுமே காகிதத் துண்டுகள் துள்ளி ஏறின.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1 கூலூம் கொண்ட இரண்டு பொருள்களை 1 மீட்டர் இடைவெளியில் வைத்தால் விசை 900 கோடி நியூட்டன். சுமார் 9 லட்சம் டன் எடை! அதையே ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோகூலூம் என்று வைத்தால் ஒரு கிராம் எடைகூடத் தேறாது. அந்த 1 மைக்ரோகூலூமிலேயே 6 லட்சம் கோடிக்கு மேல் எலக்ட்ரான்கள். ராத்திரி சாப்பிட உட்காரும் வரை பையன் இதையேதான் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 29, புதன்

பேனல் பெட்டிகள் வந்திருக்கின்றன. விளிம்பில் பவுடர் தடித்துப்போகிறது, உள்மூலை வெறும் இரும்பாகவே நிற்கிறது. மின்புலக் கோடுகள் விளிம்பிலேயே முடிந்துவிடுகின்றன, மூலைக்குள் நுழைவதில்லை. ஃபாரடே கூண்டு என்று புத்தகத்தில் வருவது இதுதான். வோல்டேஜை ஏற்றினால் விளிம்பு இன்னும் அதிகமாக இழுக்கும். 50க்கு இறக்கி, காற்றையும் குறைத்து, மூலைகளை முதலில் அடிக்கச் சொன்னேன். வெளிப்பக்கம் கடைசியில். நன்றாக வந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

தம்பி பூத் சட்டத்தைத் தொட்டதும் சுருக்கென்று ஷாக். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கன்னைப் பிடித்திருந்தான். அயனிகள் அவன் உடம்பிலும்தான் ஏறும். கன்னின் கைப்பிடி எர்த் ஆகியிருக்கிறது, வெறும் உள்ளங்கை அதைத் தொட்டிருந்தால் ஏறியது இறங்கிவிடும். பவுடர் மிதக்கும் காற்றில் ஒரு பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். இதில் விளையாட்டே கூடாது. கையுறைகளை எல்லாம் வாங்கி உள்ளங்கைப் பகுதியை வெட்டிக் கொடுத்தேன். ரப்பர் செருப்போடு பூத் பக்கம் வரக் கூடாது என்றும் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.