என் பதிலை நானே டிக் பண்ண மூன்று வாரம் ஆனது

எங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் ஊழியர் நலன் சர்வே ஒன்று வரும். எனக்குப் பார்வை கிடையாது, கம்ப்யூட்டரில் எல்லாம், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற என்விடிஏ மென்பொருள் வைத்துத்தான். இந்த முறை லிங்க்கைத் திறந்தால் கேள்வியை ஒழுங்காக வாசித்தது, பதிலுக்கு வந்ததும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று ஐந்து தடவை. சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரை ஐந்து படமாம், ஒன்றுக்கும் பெயர் எழுதவில்லை. அடுத்ததில் மவுஸால் இழுக்கிற ஸ்லைடர், அம்புக்குறியை எத்தனை தட்டினாலும் நகரவில்லை.

எச்ஆரிடம் போனேன். "அதுக்கென்ன, நான் வாசிக்கிறேன், நீங்க சொல்லுங்க, டிக் பண்ணிடுறேன்" என்றார் அந்த மேடம். நல்ல மனசோடுதான் சொன்னார். "தூங்கி எழும்போது தெளிவாக இருந்ததா?" என்று அவர் சத்தமாக வாசித்ததும் பக்கத்து சீட்டில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, ராத்திரியில் கண்ணை மூடினால் தூக்கம் வராது. "நல்லா இருக்கேன் மேடம்" என்றேன். எல்லாக் கேள்விக்கும் அதேதான். யார் பதில் என்று யாருக்கும் தெரியாது என்று மேலே போட்டிருந்த சர்வே அது.

வாயால் சொன்னால் "பார்க்கிறோம்" என்பதோடு போய்விடும், அதனால் இப்படி மாட்டினால் நீங்களும் மெயில் போடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். நான் போட்ட மெயிலில் அதைக் குறிப்பிட்டேன். கீபோர்டிலேயே எல்லாம் இயங்க வேண்டும் என்பது இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த 2008-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டியிலேயே இருக்கிறது, அதையும் சேர்த்தேன். சர்வே செய்த கம்பெனி "மொபைலில் வேலை செய்யும்" என்று பதில் போட்டது. போனில் திரையை வாசிக்கிற டாக்பேக்கிலும் அதே பட்டன், பட்டன்தான், அதை ஆடியோவாகப் பதிவு செய்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அசைந்தார்கள்.

படங்களை எடுத்துவிட்டு உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓ-5 கேள்விகளைப் போட்டார்கள். ஐந்தே வாக்கியம், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, "எப்போதும்" என்பதிலிருந்து "ஒருபோதும் இல்லை" வரை ஆறு பதில். ஆனால் ஐந்தையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிட்டதால் எந்த ரேடியோ பட்டன் எந்தக் கேள்விக்கு என்றே தெரியவில்லை. கேள்வியைத் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று இன்னொரு மெயில். சர்வே போடுகிறவர்கள் இதை ஒரு தடவையாவது கண்ணை மூடிக்கொண்டு என்விடிஏவில் கேட்டுப் பாருங்கள், அது இலவசம்தான்.

கடைசியில் ஒரு சாயங்காலம், எல்லோரும் கிளம்பின பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு நானே நிரப்பினேன். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. பதில்களுக்கான மதிப்பெண்ணைக் கூட்டினால் 7, நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு 28. ஐம்பதுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பார்கள். மறுவாரமே டாக்டரிடம் போனேன்.

அக்கவுண்ட்ஸில் காது கேளாத தம்பி ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுத்துத் தமிழைவிட சைகை மொழிதான் பழக்கம். இந்தக் கேள்விகளை சைகை மொழி வீடியோவாகக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அடுத்த மெயில் போடுகிறோம்.