அனிமே நோட்டு: இதுவரை

சிறுகதை எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். எப்படியும் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்) பார்க்கத்தான் போகிறோம், அதிலிருந்தே ஏதாவது கற்றுக்கொள்ளலாமே என்று ஒரு நோட்டு போட்டேன். ஒரு எபிசோடு சுமார் 24 நிமிடம். மும்பை செம்பூரில் ஹார்பர் லைன் லோக்கல் ரயில் ஏறினால் கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். உட்கார இடம் கிடைத்தால் குறிப்பும் எழுதலாம். காலையில் அதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

ஆரம்பத்தில் கதை, படம், இசை என்று தனித்தனியாக மார்க் போட்டேன். இசைக்கு ஒன்பது என்று எழுதி வைத்தால் கதை எழுதுகிறவன் அதை வைத்து என்ன செய்வது? இப்போது நோட்டில் ஒரு கேள்விதான் பிரதானம்: கதை தானே போட்ட விதிக்குக் கடைசிவரை கட்டுப்படுகிறதா?

இதைச் சோதிக்க ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் போல வாகான தொடர் எனக்கு வேறு அகப்படவில்லை. (முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.) ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடானதைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. ஹிரோமு அரகாவாவின் மூல மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) முடிவதற்கு முன்பே, 2003-இல் வந்த 51 எபிசோடு தொடர் நடுவழியில் பிரிந்து தன் முடிவைத் தானே தேடிக்கொண்டது. 2009-இல் தொடங்கிய பிரதர்ஹுட் 64 எபிசோடுகளில் மங்காவின் முடிவுக்கே வந்தது. இதில் கதாநாயகன் எட்வர்ட் தம்பியை மீட்கத் தன் ரசவாதத் திறனையே விட்டுக்கொடுக்கிறான். கணக்கு நேராகிறது. பழைய தொடரோ, அந்த விதியே உண்மைதானா என்று கேட்டுவிடுகிறது. கட்டுக்கோப்பு பிரதர்ஹுட்டில்தான் அதிகம். ஆனால் நோட்டில் அதிகப் பக்கம் வாங்கியது பழையதுதான். போட்ட விதியையே சந்தேகிக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

மூன்று எபிசோடு பார்த்துவிட்டு முடிவு செய் என்பார்கள். 12 எபிசோடே கொண்ட மடோகா மஜிகாவுக்கு அது சரி, மூன்றாவதில்தான் அதன் சுயரூபம் தெரியும். ஸ்டைன்ஸ் கேட் தொடருக்குச் சரிப்படாது. முதல் பாதியில் பெரும்பாலும் அரட்டை. கடந்தகாலத்துக்கு மெயில் அனுப்பி ஆளாளுக்குத் தன் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். பிற்பாதியில் அவற்றை ஒவ்வொன்றாக ரத்து செய்தாக வேண்டும். அரட்டை என்று நினைத்தது அத்தனையும் வட்டிக்கு வாங்கிய கடன். மெதுவாகப் போகிறது என்று குறை எழுதுவதை அதன்பின் விட்டுவிட்டேன்.

என் கதை தாராவியில் ஒரு தோல் பட்டறையில் நடக்கிறது. அங்கே வேலை செய்யும் பையனால் இறந்தவர்களிடம் பேச முடியும். ஒவ்வொரு முறையும் உயிரோடிருக்கும் ஒருவரின் முகம் அவனுக்கு மறந்துபோகும். சித்தி பையன் படித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, இவன் மறந்ததெல்லாம் யாரோ எவரோ. இதுல அவனுக்கு என்ன நஷ்டம்?"

புதிய வடிவத்தில் அவன் மறப்பது பக்கத்து மெஷினில் தைக்கும் கூட்டாளியின் முகத்தை. தினமும் காலையில் "புதுசா சேர்ந்திருக்கியா?" என்று கேட்கிறான். கூட்டாளியும் பொறுமையாகப் பெயர் சொல்கிறான். அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது. கதைதான் நீண்டுவிட்டது.

அதனால் அடுத்து முஷிஷி. 2005-இல் தொடங்கிய தொடர், 26 எபிசோடு, அநேகமாக எல்லாமே தனித்தனிக் கதைகள். 24 நிமிடத்துக்குள் விதியையும் போட்டு, அதற்கு விலையையும் எப்படி வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.