ஹட்டனிலிருந்து கிரிந்த வரை: இறக்கத்துக்காகச் சைக்கிளில் மாற்றியவை

ஹட்டனில் புறப்பட்டு நுவரெலியா ஏறி, வெலிமடை, பண்டாரவளை, எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, தனமல்வில, திஸ்ஸமகாராம தாண்டிக் கிரிந்தக் கடற்கரையில் முடிகிற பாதை. மூன்று நாள், எட்டுச் சைக்கிள், 200 கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868, எல்ல 1,040, கடைசியில் கடல். உயரக் கணக்கை மட்டும் பார்த்தால், முதல் நாள் ஏறிவிட்டால் பிறகு உருண்டே போய்விடலாம் என்று தோன்றும். ஜூலையில் ஓடிய முதல் ஓட்டத்துக்கு அப்படித்தான் திட்டம் போட்டோம். ஏற்றத்தில் ஒரு சைக்கிளும் படுக்கவில்லை. பழுதானதெல்லாம் இறக்கத்தில். பெப்ரவரி கடைசியில் இரண்டாம் ஓட்டத்துக்கு முன் மாற்றியவையும், மாற்றியதால் கிடைத்ததும் கீழே.

மாதத்தை மாற்றியதே பாதி வேலையை முடித்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கும். அதே நாட்களில் வெலிமடை, எல்ல இருக்கிற ஊவாப் பக்கம் காய்ந்து காற்று அடிக்கும். வருடக் கடைசியில் இது தலைகீழ், ஊவாவில் மழையும் மண்சரிவும். பெப்ரவரி, மார்ச்சில் இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருக்கும். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலக் கூட்டம். வீதியில் சைக்கிளுக்கு இடம் கிடைக்காது.

முதல் நாள் ஏற்றத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 32 பல் இருந்தால் நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு 8 கிலோமீற்றர் போகும். நானுஓயா வரைக்கும் அது போதும். பின்னால் 28தான் பெரிய பல் என்றால் அதே மிதிக்கு 9க்கு மேல் போக வேண்டிவரும், முழங்கால் சொல்லிக்காட்டும். குழுவில் இரண்டு ஒற்றைக் கியர்ச் சைக்கிள்கள், முன்னால் 44, பின்னால் 18. பின்பல்லை 22 ஆக மாற்றியதில் ஒரு மிதிக்கு 5.4 மீற்றர் போனது 4.4 மீற்றராகக் குறைந்தது. நான்கு பல் கூடும்போது செயினிலும் ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சில்லு முன்னுக்கு வந்து மட்காட்டில் உரசும். இதற்குக் கொடுக்கும் விலை சமதரையில் தெரியும்: நிமிடத்துக்கு 80 மிதித்தாலும் மணிக்கு 21 கிலோமீற்றர்தான்.

ஏற்றத்தில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதில் பலனில்லை. அந்த வேகத்தில் தடுக்கிற காற்றே கிடையாது. ஆகவே அவரவர் வேகம், கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயாவில் நின்று ஒன்றுசேருதல். பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் வியர்வை குளிர்ந்து கால் பிடிக்கும். புல்லில் உட்கார வேண்டாம், அட்டை கடிக்கும். ரதெல்ல குறுக்கு வீதி தூரம் குறைவுதான், ஆனால் செங்குத்து. அந்த வீதியின் விபத்துகள் நாடறிந்தவை. பிரதான வீதியையே பிடித்தோம்.

இரண்டாம் நாள் காலை நுவரெலியாவில் குளிர் 10 பாகைக்குக் கீழே போகும். ஏறும்போது குளிர் தெரியாது. ஹக்கலைக்குப் பிறகு மிதிக்காமல் இறங்கும்போது விரல் விறைத்து பிரேக் பிடியை முழுதாக இழுக்க வராது. விரல் முழுக்க மூடும் கையுறை, சட்டைக்குள் நெஞ்சில் மடித்த பழைய பேப்பர் இரண்டு தாள். பேப்பரைப் பார்த்துச் சிரித்தவர்களும் வெலிமடைக்குப் பிறகே அதை எடுத்தார்கள். பனிமூட்டத்தில் பின்விளக்கு விட்டுவிட்டு எரியாமல் நிலையாக எரியட்டும். சிமிட்டும் விளக்கை வைத்துப் பின்னால் வருகிறவரால் தூரத்தைக் கணிக்க முடியாது. வெலிமடைப் பக்கம் மரக்கறி லொறிகள் வளைவில் சேறு சிந்திவைக்கும். வளைவுக்குள் நுழையுமுன் பிரேக்கை முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிடிக்க வேண்டாம்.

எல்ல முதல் வெல்லவாய வரை ஏறக்குறைய 27 கிலோமீற்றர். ராவணா நீர்வீழ்ச்சி ஆறாவது கிலோமீற்றர் அளவில் வரும். 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். ஆளும் சைக்கிளும் பையுமாக 85 கிலோ என்றால் 660 கிலோஜூலுக்கு மேல் சக்தியை எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும். கொட்டப் பெரிய இடம் இரண்டு, காற்று அல்லது பிரேக். பயந்து மணிக்கு 15 கிலோமீற்றரில் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்கினால் காற்று கொஞ்சம்தான் எடுக்கும், பெரும்பகுதி பிரேக் கட்டை உரசுகிற சில்லு விளிம்புக்கு, அதாவது ரிம்முக்குப் போகும். முதல் ஓட்டத்தில் முன்சில்லு டியூப் இரண்டு வெடித்தது மிக மெதுவாக, மிகக் கவனமாக இறங்கிய இருவருக்குத்தான்.

வெடித்த டியூப்களைப் பார்த்தபோது இரண்டிலும் பழைய ஒட்டு கிளம்பியிருந்தது. ரிம் சூடானால் ஒட்டுப் பசை இளகும். இப்போது விதி இது: இறங்குகிற நாளில் முன்சில்லில் ஒட்டுப்போட்ட டியூப் கிடையாது. ஒட்டியவை பையில், சமதரைக்கு.

பிரேக் பிடிக்கும் முறையையும் மாற்றினோம். பார்வை திறந்திருக்கும் நேர்ப்பகுதியில் 30, 35 வரை விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து 15க்குக் கொண்டுவந்து, பிறகு முழுதாக விட்டுவிடுவது. விட்டிருக்கும் நேரத்தில்தான் ரிம் ஆறும். ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு முறை நின்று, புறங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பது; வைக்க முடியாத சூடு என்றால் ஐந்து நிமிடம். ரிம்முக்குப் பதில் சில்லின் நடுவில் தகட்டைப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் என்றால் அந்தத் தகட்டில் கை வைக்கவே கூடாது, தண்ணீரும் ஊற்றக்கூடாது, திடீரென்று குளிர்ந்தால் தகடு வளையும்.

ரிம் பிரேக் கட்டைகளை ஊசியால் கிளறிப் பார்த்தால் அலுமினியத் துகள் பதிந்திருக்கும். நனைந்த வீதி மண்ணோடு அது ரிம்மையே அரம்போல் தேய்க்கும். ஒவ்வொரு மாலையும் எடுத்துவிட வேண்டும். டிஸ்க்கில், கேபிளில் இயங்குகிற வகைக்குக் கட்டை தேயத் தேயப் பிடி கைப்பிடி வரை வந்துவிடும். எல்லவில் புறப்படுமுன் உள்பக்கக் கட்டையைத் திருகி நெருக்கிக்கொள்ளுங்கள். கட்டையில் 1 மில்லிமீற்றர்கூட மிச்சமில்லை என்றால் முந்தின நாளே மாற்றிவிடுங்கள். புதுக்கட்டையை நேராக இறக்கத்தில் சோதிக்க வேண்டாம். அன்றைக்கே பண்டாரவளையில் 20 கிலோமீற்றர் வேகத்திலிருந்து இருபது தடவை மெதுவாக்கிப் பழக்கினால்தான் தகட்டைப் பிடிக்கும்.

ஆட்களை 20 விநாடிக்கு ஒருவராக அனுப்பினோம். ஒன்றாக இறங்கினால் முன்னவர் பிரேக் பிடிக்க எல்லாரும் பிடிக்க வேண்டும், கடைசியில் இருப்பவருக்குத்தான் சூடு அதிகம். பாரமானவர்களும் ஒற்றைக் கியர்க்காரர்களும் கடைசியில். அவர்களுக்குப் பின்னால் பம்பும் இரண்டு புது டியூபும் வைத்திருக்கும் ஆள் ஒருவர்.

காற்றழுத்தம் பற்றி ஒரு குழப்பம் வந்தது. கீழே வெயிலில் டயர் ஊதிவிடும் என்று வெல்லவாயவில் காற்றைக் குறைக்கிறவர்கள் உண்டு. நுவரெலியாவில் 12 பாகையில் 80 பிஎஸ்ஐ அடித்த டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 32 பாகைக்கு வந்தால் சூட்டினால் 6 பிஎஸ்ஐ அளவு கூடும். ஆனால் கீழே வெளிக்காற்றின் அழுத்தம் மலையைவிட 3 பிஎஸ்ஐ அளவு அதிகம், மானி அந்த அளவு குறைத்துக் காட்டும். மிச்சம் 83, 84. குறைக்கத் தேவையில்லை. குறைத்தவருக்குத்தான் குழியில் அடிபட்டு டியூபில் பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழுந்தது.

வெல்லவாயவிலிருந்து வேறு நாடு. மலையில் மணிக்கு அரை லீற்றர் தண்ணீர் போதுமாக இருந்தது, இங்கே முக்கால் முதல் ஒரு லீற்றர். வெறும் தண்ணீராகக் குடித்தால் வயிறு குலுங்கும், தாகம் தீராது. ஒரு பக்கெட் ஜீவனியை (உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் தூள்) ஒரு லீற்றரில் கரைத்து, அதையும் வெறும் தண்ணீரையும் மாறிமாறிக் குடித்தது சரிவந்தது. அரை லீற்றரில் கரைத்துக் கெட்டியாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, வயிற்றோட்டம்தான். சாப்பாட்டுக்குக் காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும், வழியில் வாழைப்பழம், எள்ளுருண்டை, சீனி கூட்டிய பிளேன்டீ. எருமைத்தயிர்ச் சட்டிகள் வழிநெடுக ஆசைகாட்டும். திஸ்ஸமகாராம வரை பொறுத்துக்கொள்வது நல்லது.

புத்தல வழியாகக் கதிர்காமம் போகிற வீதியைத் தவிர்த்தோம். அங்கே வாகனங்களை மறித்துச் சாப்பாட்டுக்குக் காத்து நிற்கிற யானைகள் உண்டு. பஸ்ஸுக்குள் இருப்பவருக்கு அது வேடிக்கை, சைக்கிளில் இருப்பவருக்கு அல்ல. தனமல்விலவுக்குக் கீழே லுணுகம்வெஹெரக் காட்டோரத்திலும் யானை கடக்கும். காலை 9க்குப் பிறகு நுழைந்து மாலை 4க்கு முன் வெளியேறுவது, எட்டுப் பேரும் சேர்ந்தே போவது. புது இலத்தி கிடந்தால் நின்று, அடுத்த லொறியோ பஸ்ஸோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போனோம். இந்தப் பகுதியில் ஒற்றை வரிசை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் போகிறவர் மாறுதல். ஜூலையில் காற்று தென்மேற்கிலிருந்து பக்கவாட்டில் அடித்தபோது ஒருவருக்கொருவர் பக்கவாட்டில் விலகிச் சாய்வரிசை போட்டுப் பார்த்தோம், வீதியின் பாதி அகலம் போய்விட்டது. பஸ் வருகிற வீதியில் அது கூடாது.

கிரிந்தக் கடல் குளிக்கிற கடல் இல்லை, அலை மோசம். சைக்கிளை மணலில் படுக்க வைக்காமல் சுவரில் சாய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்ட பிறகே லொறியில் ஏற்றினோம். கியர் மாற்றி இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, நடுவில் சாக்கு. முதல் தடவை சாக்கு போடாததில் கியர் மாற்றி தொங்கும் காது ஒன்று வளைந்து, ஹட்டன் வந்து முதல் மிதியிலேயே கியர் மாற்றி சில்லுக் கம்பிக்குள் போனது.

முதல் ஓட்டத்தில் ஏழு டியூப் போனது, இரண்டாவதில் இரண்டு. அந்த இரண்டும் பஸ் டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பி குத்தியவை; புது டியூப் போடுமுன் டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் தடவினால், பஞ்சு மாட்டுகிற இடத்தில் கம்பி இருக்கும்.