ஆறு வாரத்தில் முழு அளவு: இதயச் செயலிழப்பு மருந்துகளை ஏற்றிய அனுபவம்

இதயச் செயலிழப்புக்கு நான்கு வகை மருந்து வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் வெளியேற்றத் திறன், அதாவது ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான், பீட்டா பிளாக்கர் (பிசோப்ரோலால், கார்வெடிலால், மெட்டோப்ரோலால்), ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளரினோன், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். சாக்குபிட்ரில் தர முடியாதவருக்கு எனலாப்ரில், ரமிப்ரில் வகை. பட்டியல் அவ்வளவுதான். எவ்வளவு சீக்கிரம், எந்த அளவு வரை என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். 2018இல் வெளியான அமெரிக்காவின் சாம்ப்-எச்எஃப் பதிவேட்டைப் பார்த்தால் நிலைமை புரியும். அன்றைய மூன்று வகை மருந்தையும் எடுக்கத் தகுதி இருந்தவர்களில் மூன்றையும் முழு அளவில் எடுத்துக்கொண்டவர்கள் 1 சதவீதம் மட்டுமே. மீதிப் பேர் குறைந்த அளவிலோ, ஏதாவது ஒரு வகை மருந்தே இல்லாமலோ நின்றுவிட்டார்கள்.

இந்தத் தயக்கத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு 2022இல் வந்த ஸ்ட்ராங்-எச்எஃப். 14 நாடுகளில் 1078 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு டிஸ்சார்ஜுக்கு முன்பே பாதி அளவு, இரண்டாம் வாரத்தில் முழு அளவு; மற்றப் பிரிவுக்கு அவரவர் ஊரில் வழக்கமாக நடப்பது. 180 நாட்களுக்குள் இறந்தவர்கள் அல்லது இதயச் செயலிழப்பால் மறுபடி சேர்க்கப்பட்டவர்கள் வேகப் பிரிவில் 15.2 சதவீதம், வழக்கப் பிரிவில் 23.3 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பக்கவிளைவுகள் வேகப் பிரிவில் கூடுதல்தான், 41க்கு 29 சதவீதம். ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் இரண்டிலும் ஏறக்குறைய சமம்.

இந்த ஆய்வைப் படித்துவிட்டு ‘டோஸை வேகமாக ஏற்றலாம்’ என்று மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். வேகப் பிரிவினரை 1, 2, 3, 6ஆம் வாரங்களில் நேரில் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் உடல் பரிசோதனை, பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), என்டி-புரோபிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்த அளவு). அந்தப் பரிசோதனைத் தேதிகள் இல்லாமல் டோஸை மட்டும் ஏற்றுவது வேறு சிகிச்சை. அதனால் எங்கள் நடைமுறையில் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பட்டியலுக்கு மேலே நான்கு தேதிகள் இருக்கும். ரத்தப் பரிசோதனைக்கான சீட்டும் அப்போதே கையில் கொடுக்கப்படும். ‘ஒரு மாதம் கழித்து வாருங்கள்’ என்று எழுதினால் இந்த வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ஒருவர் இந்தப் பாதைக்குத் தயாரா என்பதை வார்டிலேயே முடிவு செய்யலாம். ஆய்வில் சேர்க்க வைத்திருந்த வரம்புகளே நல்ல வழிகாட்டி: மேல் பி.பி. 100க்குக் குறையாமல், நாடித்துடிப்பு 60க்குக் குறையாமல், பொட்டாசியம் 5.0க்கு மேல் போகாமல், ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்) 30க்குக் குறையாமல். இவற்றோடு என்டி-புரோபிஎன்பி இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். உடலில் தேங்கிய நீரை வடிக்கும் ஃப்ரூசமைடு ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறி ஒரு நாளாவது எடை நிலையாக இருப்பதையும் நாங்கள் பார்ப்போம். நுரையீரல் இன்னும் ஈரமாக இருக்கும்போது பீட்டா பிளாக்கரை உயர்த்துவது, வீட்டுக்குப் போன ஒரே வாரத்தில் மூச்சுத்திணறலோடு அவரைத் திரும்ப வரவழைக்கும் நேர்வழி.

எதை முதலில் தொடங்குவது? பி.பி.யை அதிகம் இறக்காத இரண்டு, அதாவது டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 12.5 அல்லது 25 மி.கி., ஊசி மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடலாம். நீர் வடிந்தபின் பிசோப்ரோலால் 1.25 அல்லது 2.5 மி.கி.; சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான் 24/26 மி.கி. இருவேளை. முழு அளவுகள்: பிசோப்ரோலால் 10 மி.கி., கார்வெடிலால் 25 மி.கி. இருவேளை (85 கிலோவுக்கு மேல் எடை என்றால் 50), மெட்டோப்ரோலால் சக்சினேட் 200, ஸ்பைரோனோலாக்டோன் 50, சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான் 97/103 இருவேளை. டாபாகிளிஃப்ளோசினுக்கும் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் ஏற்றம் கிடையாது. முதல் நாளே முழு அளவு. ஒன்றை முழு அளவுக்குக் கொண்டுபோன பிறகே அடுத்ததைத் தொடுவது என்ற பழைய முறையை விட்டுவிட வேண்டும். நான்கையும் சிறு அளவில் உள்ளே கொண்டுவந்துவிட்டு, பிறகு ஏற்றுவதே மேல்.

எனலாப்ரில், ரமிப்ரில் வகையிலிருந்து சாக்குபிட்ரிலுக்கு மாறும்போது இடையில் 36 மணி நேரம் கட்டாயம் விட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கும் ஆபத்து இருக்கிறது. சீட்டில் இதை எழுதினால் போதும் என்று நினைக்கக் கூடாது. முதல் வார வருகையில் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டச் சொல்லுங்கள். பாதி தீர்ந்த பழைய எனலாப்ரில் அட்டை புது மாத்திரையோடு சேர்ந்து வெளியே வரும். ஒரே பிசோப்ரோலால் இரண்டு பிராண்டு பெயரில் இருக்கும். மூட்டுவலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக் அடியில் கிடக்கும். பொட்டாசியம் ஏன் ஏறியது, கால் ஏன் மறுபடி வீங்கியது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை அந்த மேசையிலேயே கிடைத்துவிடும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யப் பழகிய ஒரு செவிலியர் இருந்தால் மொத்தத் திட்டமும் ஓடும்.

அடுத்தது பி.பி. டோஸ் ஏற்றுவது நின்றுபோவதற்கு மிகப் பெரிய காரணம் 98, 96 என்ற எண்ணைப் பார்த்து வரும் பயம். நோயாளிக்குத் தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே மருந்து பாதியாகிவிடும். நாங்கள் பின்பற்றும் வரிசை வேறு. முதலில் சரியாக அளப்பது: 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1ஆம் நிமிடத்தில் ஒரு முறை, 3ஆம் நிமிடத்தில் ஒரு முறை. மேல் எண் 20க்கு மேல் இறங்கினாலோ, நிற்கும்போது கண் இருட்டினாலோ அது உண்மையான பிரச்சினை. அறிகுறி எதுவும் இல்லாத 96ஐ அப்படியே விட்டுவிடலாம். அன்று ஏற்ற வேண்டாம், இறக்கவும் வேண்டாம். இது ஆய்வைவிடச் சற்று எச்சரிக்கையான வழி: ஸ்ட்ராங்-எச்எஃப்பில் மேல் பி.பி. 95க்குக் கீழே போனால்தான் ஏற்றம் தள்ளிவைக்கப்பட்டது.

தலைசுற்றல் உண்மையாகவே இருந்தால் இந்த நான்கிலும் கை வைக்கும் முன் மற்றவற்றைப் பாருங்கள். ஆம்லோடிபின் இன்னும் ஓடுகிறதா? இதயச் செயலிழப்புக்கு அதனால் பயன் இல்லை. புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் எடுக்கிறாரா? நைட்ரேட் மாத்திரை இன்னும் தேவைதானா? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் மாத்திரை. வார்டில் 8 கிலோ நீர் வடித்தபோது எழுதிய ஃப்ரூசமைடு அளவு வீட்டிலும் அப்படியே தொடரும். டாபாகிளிஃப்ளோசினும் சாக்குபிட்ரிலும் சேரும்போது சிறுநீர் தானாகவே கூடும். கால் வீக்கம் இல்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை, எடையும் டிஸ்சார்ஜ் எடைக்குக் கீழே இருக்கிறது என்றால் ஃப்ரூசமைடைப் பாதியாக்குங்கள். பலருக்கு அதுவே போதும், பி.பி. மேலே வந்துவிடும். ஆயுளைக் கூட்டும் மருந்தைக் குறைத்துவிட்டு, வீக்கத்தை மட்டும் வடிக்கும் மருந்தை அப்படியே விடுவது தலைகீழ் கணக்கு. அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மாத்திரைகளின் நேரத்தைப் பிரியுங்கள்: ஸ்பைரோனோலாக்டோன் மதியத்துக்கு, பிசோப்ரோலால் இரவுக்கு. அளவைக் குறைப்பது கடைசி வழி.

எடை பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே எடைக்கருவியில். 3 நாட்களில் 2 கிலோ ஏறினால் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இதை வாயால் சொல்லிவிட்டால் நடக்காது. தேதி, எடை, பி.பி., நாடி என்று நான்கு கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் பெரும்பாலும் நடக்கும்.

கிரியாட்டினின் ஏறியதும் எல்லாவற்றையும் நிறுத்துவது அடுத்த பெரிய தவறு. டாபாகிளிஃப்ளோசின் தொடங்கிய முதல் சில வாரங்களில் ஈஜிஎஃப்ஆர் சற்று இறங்குவது எதிர்பார்த்ததுதான். சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் குறைவதால் வரும் இறக்கம் அது. நீண்ட காலத்தில் சிறுநீரகத்துக்கு நல்லது. சாக்குபிட்ரில், எனலாப்ரில் வகையில் கிரியாட்டினின் முன்பிருந்த அளவிலிருந்து 50 சதவீதம் வரை, அல்லது 3 மி.கி. வரை, இவற்றில் எது குறைவோ அதுவரை ஏறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே வழிகாட்டு நெறி. அதைத் தாண்டினால் முதலில் நீர்ச்சத்துக் குறைவையும் வலி நிவாரணிகளையும் தேட வேண்டும்.

பொட்டாசியத்தில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. 5.0க்கு மேல் இருந்தால் ஏற்றுவதில்லை. 5.5ஐத் தாண்டினால் ஸ்பைரோனோலாக்டோன் பாதி. 6.0ஐத் தாண்டினால் நிறுத்தி, உடனே ஈசிஜி. ஆனால் எதிர்பாராமல் 5.9 வந்தால் மாதிரியில் ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றனவா என்று ஆய்வகத்தைக் கேட்டுவிடுங்கள். கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி, முஷ்டியை மடக்கி மடக்கித் திறக்கச் சொல்லி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். அன்றே மறுமாதிரி எடுத்தால் தெரிந்துவிடும். காத்திருக்கும்போது ஈசிஜி எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. உப்புக்குப் பதிலாக விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. நோயாளி அதை நல்லது என்று நினைத்துச் சேர்த்திருப்பார், கேட்டால்தான் சொல்வார். ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தவே மனமில்லாத நிலையில் பட்டிரோமர், சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட் போன்ற பொட்டாசியம் பிணைப்பான்கள் கைகொடுக்கும். ஆண்களுக்கு மார்பு வலித்தோ வீங்கியோ வந்தால் எப்ளரினோனுக்கு மாற்றினால் போதும்.

பீட்டா பிளாக்கரில் பார்க்க வேண்டியது நாடி. 55க்குக் கீழே இருந்தால் அன்று ஏற்ற வேண்டாம். 50க்குக் கீழே போய் மயக்கமோ தளர்ச்சியோ இருந்தால் பாதியாக்கி, ஈசிஜி எடுத்து, டிஜாக்சின், அமியோடரோன், ஐவாப்ராடின், டில்டியாசெம் ஏதாவது உடன் ஓடுகிறதா என்று பாருங்கள். டில்டியாசெம் இவர்களுக்கு இருக்கவே கூடாது. முதல் வாரத்தில் என்டி-புரோபிஎன்பி டிஸ்சார்ஜுக்கு முந்தைய அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் பீட்டா பிளாக்கரை உயர்த்தாமல் நீர் மாத்திரையைக் கூட்டுவது ஸ்ட்ராங்-எச்எஃப் விதி. அது நடைமுறையிலும் நன்றாக வேலை செய்கிறது. சாக்குபிட்ரில் எடுப்பவருக்கு வெறும் பிஎன்பி பார்க்கக் கூடாது. சாக்குபிட்ரில் தடுக்கும் நெப்ரிலைசின் என்ற நொதிதான் பிஎன்பியைச் சிதைப்பது. அதனால் மருந்தே அந்த எண்ணை ஏற்றிவிடும். என்டி-புரோபிஎன்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

டாபாகிளிஃப்ளோசின் பற்றி நோயாளியிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும். பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சை வரலாம். கழுவி உலரவைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம், வந்தாலும் மருந்தால் சரியாகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் மாத்திரை வேண்டாம், மருத்துவரை அழைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாக இருந்தும் கீட்டோன் ஏறி உடல் அமிலமாகும் நிலை வரக்கூடும்; குளுக்கோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது.

எல்லோரும் ஆறு வாரத்தில் முழு அளவைத் தொட மாட்டார்கள். ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்விலேயே 90ஆம் நாளில் பீட்டா பிளாக்கர் முழு அளவில் இருந்தவர்கள் 49 சதவீதம்தான். வழக்கப் பிரிவில் அது 4 சதவீதம். எங்கே நின்றதோ, ஏன் நின்றதோ அதைக் கோப்பில் ஒரு வரி எழுதிவையுங்கள்: ‘நிற்கும்போது 88, தலைசுற்றல், ஃப்ரூசமைடு நிறுத்தியும் மாறவில்லை’. அந்த வரி இல்லாவிட்டால் அடுத்துப் பார்ப்பவர் மறுபடி ஏற்றுவார், அல்லது காரணமே தெரியாமல் இன்னும் குறைப்பார்.

ஏற்றி முடித்த 3 மாதம் கழித்து எக்கோவைத் திரும்ப எடுக்க வேண்டும். ஐசிடி கருவி (ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்வது) பொருத்துவதா என்ற முடிவை அதற்கு முன் எடுப்பது பெரும்பாலும் அவசரம். 35 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர் பலர் மருந்திலேயே மேலே வந்துவிடுகிறார்கள். அப்படி வந்தவர் ‘இதயம் சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?’ என்று கேட்பார். 2019இல் வெளியான ட்ரெட்-எச்எஃப் ஆய்வு இதையேதான் சோதித்தது. இதயத்தசை விரிவு நோயிலிருந்து மீண்டு அறிகுறியே இல்லாமல் இருந்த 51 பேரில் ஒரு பிரிவுக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். 6 மாதத்துக்குள் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. நீர் மாத்திரையை மட்டும் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம், நான்கும் தொடரும்.