லாத்தாவோட பழைய லேப்டாப்ல லினக்ஸ் ஏத்துன கதை

கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்டான்னு வாப்பா சொன்னப்ப, புதுசு எதுக்கு வாப்பா, லாத்தா லேப்டாப் அலமாரிக்குள்ள சும்மாதான கெடக்குன்னு நான் வாய விட்டேன், அங்க ஆரம்பிச்சது. லாத்தான்னா எங்க அக்கா, வாப்பான்னா அப்பா. எங்களுக்கு கீழக்கரையில மீன் வலை சாமான் கடை. நரம்பு, கயிறு, மிதவை, ஈயக்குண்டு, இந்த மாதிரி. பாதிக்கு மேல பற்றுக் கணக்குதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்ல, அதுல கடைசி பத்து பதினஞ்சு நாள்ல விசைப்படகுக்காரங்க வலை சீர் பண்ண, கயிறு மாத்தன்னு மொத்தமா வந்து நிப்பாங்க, எல்லாமே கடலுக்குப் போயி வந்து தர்றேன்தான். அதுக்குள்ள கணக்கு நோட்டுல இருந்து கம்ப்யூட்டருக்கு மாறிடணும், இது வாப்பா எனக்கு வெச்ச கெடு.

லேப்டாப் லாத்தாவுக்கு 2012ல பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் குடுத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், டூயல் கோர். இதுல வேடிக்கை என்னன்னா அது வரும்போதே லினக்ஸோடதான் வந்துச்சு. லினக்ஸ்னா விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், இலவசம், மின்ட், பப்பின்னு பல வகை இருக்கு. விண்டோஸ் பக்கத்துல பாஸ் லினக்ஸ்னு இன்னொன்னு, சென்னையில இருக்குற சிடாக்னு அரசாங்க நிறுவனம், டெபியன்ங்கிற லினக்ஸ் மேல கட்டுனது. தொட்டா ஏதாவது ஆயிடும்னு லாத்தா ஒரு நாள் கூட அத தெறக்கல. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட சப்போர்ட் நின்னுச்சு, 2023ல குரோமும் கைய விட்டுருச்சு, அதுக்கப்புறம் அது அலமாரிக்குப் போயிருச்சு.

மொத நாள் ஆன் பண்ணா ஸ்க்ரீனே வரல, பீப் பீப்னு கத்துது. அடியில கழட்டலாம்னா ரெண்டு ஸ்க்ரூ துருப்பிடிச்சு தலையே தேஞ்சு போச்சு, எப்படியோ நெம்பித் தெறந்து பார்த்தா ராம் காலெல்லாம் பச்சையா பூத்துக் கெடக்கு. நம்ம ஊரு உப்புக்காத்துக்கு ஜன்னல் கம்பியே தாங்காது, இது எம்மாத்திரம். பென்சில் ரப்பர வெச்சு மெல்ல தேச்சு திரும்ப மாட்டுனேன், உயிர் வந்துருச்சு. பழசு எதையும் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பண்ணிப் பாருங்க, கரண்ட்ட புடுங்கி பேட்டரியயும் கழட்டிட்டுத்தான்.

அப்புறம் பென்டிரைவ்ல வென்டாய்னு ஒரு டூல் போட்டேன். ஒவ்வொரு லினக்ஸுக்கும் பென்டிரைவ அழிச்சு எழுத வேணாம், ஐஎஸ்ஓன்னு வர்ற இன்ஸ்டால் ஃபைல எல்லாம் சும்மா காப்பி பண்ணிப் போட்டா போதும், பூட் ஆகும்போது எது வேணும்னு லிஸ்ட் காட்டும். நம்ம மாதிரி நாலு கடை ஏறி எறங்குற ஆளுக்கு இது பெரிய வரம்.

முதல்ல நான் பண்ண தப்பு, பழைய மெஷின்தான 32 பிட்டே போதும்னு ஒரு 32 பிட் ஐஎஸ்ஓவ ராத்திரி பூரா டவுன்லோடு போட்டது. டெர்மினல்ல எல்எஸ்சிபியூன்னு பிராசஸர் விவரம் காட்டுற கமாண்ட அடிச்சுப் பார்த்தா 64 பிட்டும் ஓடும்னு அதுவே சொல்லுது. 2012 லேப்டாப்னா அனேகமா 64 பிட்தான். 32 பிட்டுல கொஞ்சம் ராம் மிச்சமாகும், ஒத்துக்குறேன், ஆனா லினக்ஸ் 32 பிட்டுக்கு குரோம் 2016லயே நின்னு போச்சு, ஃபயர்ஃபாக்ஸும் 144ஓட நிறுத்திருச்சு, டெபியன் 13ல 32 பிட் இன்ஸ்டாலரே கெடையாது. நிஜமாவே 32 பிட் மட்டும் ஓடுற பழைய நெட்புக் வெச்சிருக்கவங்க ஆன்டிஎக்ஸ்னு இருக்குற லேசான லினக்ஸ் பக்கம் போங்க, மத்தவங்க வீணா டேட்டாவ தீக்காதீங்க.

முதல்ல மின்ட் லினக்ஸ், சினமன்ங்கிற டெஸ்க்டாப்போட வர்றத போட்டேன், ஏன்னா எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அழகா இருக்கு. மெனுவ அமுக்கிட்டு டீ குடிச்சுட்டு வரலாம். சும்மா இருக்கும்போதே ஒரு ஜிபி கிட்ட ராம சாப்பிட்டுது, அதோட அத விட்டேன்.

ரெண்டாவது பப்பி. இத பத்தி கொஞ்சம் சொல்லணும். பேரி காலர்னு ஆஸ்திரேலியாக்காரர் 2003ல ஆரம்பிச்சது, மொத்தத்தையும் ராம்ல ஏத்திக்கிட்டு ஓடும், அதனால ஹார்ட் டிஸ்க் எவ்வளவு மெதுவா இருந்தாலும் கவலையில்ல, கிளிக் பண்ணா பட்டுன்னு தெறக்குது. டெஸ்க்டாப் வந்ததும் ஸ்பீக்கர்ல நாய் கொலைக்கும். எனக்கு இது தெரியாது, சவுண்டு வேற ஃபுல்லா இருந்துச்சு, அடுப்படியில இருந்து உம்மா ஓடி வந்து நாய் எப்பிடிடா வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு வெளக்கமாத்த தூக்கிட்டு நிக்குறாங்க.

எனக்கு பப்பிய ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வாப்பாவ உக்கார வெச்சு அன்னைக்கு பற்று பூராத்தையும் ஏத்தச் சொன்னேன், மெதுவா ஒத்த வெரல்ல ஏத்துனாரு, சேவும் பண்ணாரு, பத்து நிமிசத்துல கரண்ட் போச்சு. லேப்டாப் பேட்டரி செத்து வருசக்கணக்காச்சு, அது தனிக்கத. திரும்ப ஆன் பண்ணா எதுவுமே இல்ல. பப்பிய பென்டிரைவ்ல இருந்து ஓட்டுனா நாம சேவ் பண்றதெல்லாம் மொதல்ல ராம்லதான் இருக்கும், இடைவெளி விட்டுத்தான் பென்டிரைவ்ல எழுதும், நடுவுல கரண்ட் போனா அம்புட்டும் காலி. பப்பி மேல தப்பில்ல, அது அப்படித்தான் செஞ்சது, செட்டிங்க படிக்காம குடுத்தது நான். ஆனா வாப்பா ஒண்ணும் பேசாம நோட்ட எடுத்து மறுபடி எழுத ஆரம்பிச்சாரு பாருங்க, திட்டியிருந்தா கூட பரவால்ல.

மூணாவது ஆன்டிஎக்ஸ். இதுல சிஸ்டம்டின்னு சர்வீஸ்கள ஓட்டுற பெரிய புரோகிராம் கெடையாது, ஐஸ்டபிள்யூஎம்னு சின்ன விண்டோ மேனேஜர், சும்மா இருக்கும்போது என் மெஷின்ல 200 எம்பி சொச்சம்தான். எனக்கு தலகால் புரியல. ரெண்டு நாள் அந்த நம்பரயே பார்த்துக்கிட்டு அதயும் எப்படிக் கொறைக்கலாம்னு ஒவ்வொரு சர்வீஸா நிறுத்திக்கிட்டு இருந்தேன். 190. 185. சந்தோஷம்.

அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ்ல வாட்ஸ்அப் வெப்பத் தெறந்து பக்கத்து டேப்ல ஒரு யூட்யூப் வீடியோவ ஓட விட்டேன். மொத்தம் 1.4 ஜிபி. 15 எம்பி மிச்சம் புடிக்க ரெண்டு நாள் போச்சு, ஒரு டேப் தெறந்தா மூந்நூறு நானூறு போகுது! லினக்ஸ் எது லேசுன்னு தேடி அலையுறோம், ஆனா திங்குறது பூரா பிரவுசர். அதுக்கப்புறம் நான் சும்மா இருக்கும்போது எவ்வளவுன்னு பார்க்குறதயே விட்டுட்டேன். கடையில என்னென்ன தெறந்திருக்குமோ, எக்செல் மாதிரி கணக்கு போடுற கால்க் ஃபைல் ஒண்ணு, வாட்ஸ்அப் ஒண்ணு, காத்து அலை பாக்குற இன்காய்ஸ் பக்கம் ஒண்ணு, அத்தனையும் தெறந்து வெச்சுட்டு அப்புறமா ராம் எவ்வளவு போகுதுன்னு காட்டுற ஃப்ரீ கமாண்ட் அடிச்சேன். அப்படிப் பார்த்தா ஆன்டிஎக்ஸுக்கும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போட வர்ற எம்எக்ஸ் லினக்ஸுக்கும் 400 எம்பி தான் வித்தியாசம். அந்த 400அ வேற வழியில சரிக்கட்டிடலாம், வாப்பாவுக்கு ஐஸ்டபிள்யூஎம் சொல்லிக் குடுக்குறதுதான் முடியாது, மொத நாளே விண்டோவ சின்னதாக்கிட்டு எங்கடா போச்சு கணக்குன்னு கேட்டாரு.

அதனால கடைசியா எம்எக்ஸ். ஆன்டிஎக்ஸ் ஆளுங்களும் மெபிஸ்னு பழைய லினக்ஸ் ஒண்ணோட ஆளுங்களும் சேர்ந்து 2014ல கொண்டாந்தது, டெபியன்தான் அடித்தளம், கீழ ஓரத்துல மெனு, கடிகாரம்னு வாப்பாவுக்கு பழகுன மாதிரி மாத்திக்கலாம்.

இன்ஸ்டால் ஆனதும் அடுத்த தலவலி, எந்த வெப்சைட்டும் தெறக்கல, கனெக்ஷன் பாதுகாப்பில்லங்குது, அப்டேட் குடுத்தா ஃபைல் இன்னும் செல்லுபடியாகலங்குது. ஒரு மணி நேரம் நெட்ட திட்டிட்டு அப்புறம்தான் மூலையில பார்க்குறேன், தேதி 2010 ஜனவரி 1. உள்ள இருக்குற சின்ன செல் தீந்து போயி ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பின்னாடி ஓடிடுது, வெப்சைட்டோட பாதுகாப்பு சர்டிஃபிகேட் எல்லாம் எதிர்காலத்துல எழுதுன மாதிரி தெரியுது அதுக்கு. கையால தேதிய சரி பண்ணதும் எல்லாம் தெறந்துருச்சு. மறுநா ராமநாதபுரம் போயி ஒயர் வெச்ச 2032 செல்லும், பழைய 2 ஜிபி டிடிஆர்3 ராம் ஒண்ணும், 240 ஜிபி எஸ்எஸ்டியும் வாங்கியாந்தேன், எல்லாஞ்சேத்து ரெண்டாயிரத்துச் சொச்சம். எஸ்எஸ்டிக்கு எம்எக்ஸ திரும்ப ஒரு தடவ ஏத்துனேன். மாட்டுனதுக்கு அப்புறம் வந்த வேகம், அதுவரைக்கும் நான் மாத்துன அத்தன லினக்ஸும் சேர்ந்து குடுக்காத வேகம். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா மொதல்ல எஸ்எஸ்டி வாங்குங்க, ராம் அப்புறம்.

வைஃபை சிப்புக்கு டிரைவர் தனியா ஏத்தணும், நெட் இல்லாம டிரைவர் எப்படி இறக்குறது? ஃபோன யூஎஸ்பில சொருகி டெதரிங் ஆன் பண்ணா போதும், லினக்ஸ் அத சாதா ஒயர் கனெக்ஷன் மாதிரி எடுத்துக்கும். இது தெரியாம நான் மின்ட் போட்டப்ப ஒரு சாயங்காலம் பூரா முழிச்சிருக்கேன்.

ஸீராமும் போட்டேன். ராம்ல ஒரு பகுதியில விஷயத்த அமுக்கி வெச்சுக்குறது, கூடையில கருவாட்ட மிதிச்சு அடைக்குற மாதிரி, அதே எடத்துல ரெண்டு மடங்கு கொள்ளும். ஸீராம் டூல்ஸ்னு பேக்கேஜ், பாதி ராம்னு செட் பண்ணி விட்டேன். யூட்யூப் மட்டும் இழுத்துச்சு, அது அனுப்புற புது வகை வீடியோவ இந்த பழைய சிப்பால தானா விரிக்க முடியல, எல்லாம் சிபியூ தலையில விழுது. பழைய வகை வீடியோவயே அனுப்ப வைக்குற எச்264-ஃபைன்னு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டு 480ல வெச்சா நல்லா ஓடுது.

தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ் எம்17என்னு ஒரு டூல் போட்டு தமிழ்99 கீபோர்டு முறைய எடுத்தேன். எனக்கு ஃபோனெடிக் தான் கை வரும், ஆனா வாப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து வழியா தமிழ் யோசிக்கச் சொல்றது கொடுமை, தமிழ்99ல அ எங்கன்னா அ, க எங்கன்னா க. கீ மேல ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. இப்ப மிதவை, நரம்பு எல்லாம் கண்ண மூடிட்டு அடிக்கிறாரு, ஈயக்குண்டு மட்டும் இன்னும் தேடுறாரு.

மூணு வாரமா கடையில ஓடுது. பற்றுல முப்பத்தெட்டு பேரு ஏறியாச்சு. கால்க்ல அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ தானா ரிக்கவரி எழுதுற மாதிரி வெச்சிருக்கேன், கரண்ட் ரெண்டு தடவ போயும் கணக்கு அப்படியே இருந்துச்சு. மிச்சம் இருக்குறது பேட்டரி, அப்புறம் மூடி வெச்சா தூங்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது, அத இன்னும் கண்டுபுடிக்கல, இப்போதைக்கு மூடாதீங்க வாப்பான்னு மேல பேப்பர் ஒட்டியிருக்கேன். நோட்டயும் அவரு இன்னும் விடல, பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ரெண்டுலயும் எழுதுறாரு.